இன்று மாலைக்குள் ஏ நெகட்டிவ் தேவை

எங்கள் குருதிக்கொடைச் சங்கத்தின் அலுவலக விதிகளில் பதினொன்றாவது இது: “தேவை அறிவிப்பு எதிலும் நாளும் நேரமும் எண்ணால் குறிக்கப்பட வேண்டும். இன்று, நாளை, உடனே ஆகிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. தொடர்புக்கு அலுவலக எண் மட்டுமே தரப்பட வேண்டும்; நோயாளியின் குடும்பத்தார் எண் தரப்படக் கூடாது. தேவை முடிந்ததும் அறிவிப்பை விலக்கி, அழைக்கப்பட்டோர் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும்.”

நான்கு வாக்கியங்கள். நான்கையும் தட்டச்சு செய்தவன் நான். முதல் மூன்றையும் ஒரு மழை நாளில் கால்மணி நேரத்துக்குள் மீறியவனும் நான்தான். நான்காவதை மட்டும் விடாப்பிடியாக நிறைவேற்றினேன். நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான் என்று இப்போது தெரிகிறது.

இதை எழுதச் சொன்னவர் ரேவதி. எனக்குப் பின் சங்கத்தின் அலுவலகச் செயலராக இருப்பவர். ஆதரவாளர்கள் சமூக வலைத்தளங்களில் இடும் பதிவுகளால் தொண்டு நிறுவனங்கள் எப்படிப் பயன்பெறலாம் என்று புதிய தொண்டர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தப் போகிறாராம். “உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார். கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும்” என்றார். இரண்டு பக்கம் கடந்துவிடும். உற்சாகத்துக்கு என்னால் உறுதி தர முடியாது.

நான் முதலில் ஒரு பஞ்சாலையில் எழுத்தர். ஆலை மூடியபோது எனக்குக் கோப்பு கட்டத் தெரியும், தட்டச்சு தெரியும், வேறெதுவும் தெரியாது. புதுச்சேரி கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த சங்கத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் அட்டைகளை அடுக்கினேன். ஒரு கொடையாளருக்கு ஓர் அட்டை: பெயர், இரத்த வகை, வசிக்கும் பகுதி, கடைசியாகக் கொடுத்த நாள். பின்புறத்தில் எப்போது கிடைப்பார் என்ற குறிப்பு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டு போகிறவரைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன் அழைத்துப் பயனில்லை. மீனவர்கள் தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள். மற்ற நாட்களில் அவர்களைப் பிடிக்கக் காற்றையும் நீரோட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டையை அடுக்கியபோது இந்த ஊர் எந்நேரத்தில் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

சங்கத்தின் தலைவர் மதாம் செசில். பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்த மாட்டார். நான் தட்டச்சு செய்த கடிதத்தைப் படித்துவிட்டுப் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். அந்த வரியில் ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். கண்டுபிடிக்கும்வரை நான் என் மேசையிலும் அவர் அவர் மேசையிலும் உட்கார்ந்திருப்போம். ஒருமுறை ஒரு புள்ளிக்கு மதியச் சாப்பாடு வரை ஆனது. கடைசியில் பார்த்தால், கடிதம் பெறுபவரின் மனைவி இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் வழக்கம்போல் ‘தங்கள் குடும்பத்தார் நலமே விழைகிறோம்’ என்று தொடங்கியிருந்தேன்.

விதி பதினொன்று பிறந்த கதையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் கரும்பலகை இருக்கும். ஒரு திங்கட்கிழமை அதில் ‘இன்று பி பாசிட்டிவ் இரத்தம் தேவை’ என்று நானே சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு வந்தேன். அன்றே வேண்டிய இரத்தம் கிடைத்து அறுவை சிகிச்சை முடிந்தது. பலகையை யாரும் அழிக்கவில்லை. வியாழக்கிழமை வரை ஆட்கள் ஷிப்டு முடிந்து, உடம்பில் தூசியோடு, சைக்கிள் மிதித்து ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். இரத்த வங்கியில் இருந்தவர் எங்களைத் தேடி வந்துவிட்டார்.

மதாம் என்னைக் கூப்பிட்டார். ‘ஐயா’ என்பதற்கு அவரிடம் பிரெஞ்சுச் சொல்தான். “முசியே, அந்தப் பலகையில என்ன எழுதினீங்க?”

“இன்று தேவைன்னு எழுதினேன், மதாம்.”

“எந்த இன்று?”

அன்று மாலை விதி பதினொன்று எழுதப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வந்து ஏமாந்து போனவர்கள் வீட்டுக்கெல்லாம் சென்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார், போனேன். அவர்களில் ஒருவர் பிறகு இருபது ஆண்டு எங்கள் கொடையாளராக இருந்தார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பிறகு காலம் கைப்பேசிக்குள் போனது. மதாம் முதுமையால் பொறுப்பிலிருந்து விலகிக் குருசுக்குப்பம் வீட்டோடு இருந்தார். ரேவதி உதவியாளராக வந்து சங்கத்துக்கு ஒரு பக்கம் தொடங்கினார். நான் அதை நம்பவில்லை. நான் எழுதும் அறிவிப்புகள் இலக்கணச் சுத்தமாக இருந்தன, யாரும் சீண்டவில்லை. ஒருநாள் லாசுப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சு ஒட்டிய கையைப் படமெடுத்து, ‘வலிக்கல. டீ நல்லா இருந்துச்சி’ என்று தன் பக்கத்தில் போட்டார். அவ்வளவுதான் வாசகம். அடுத்த வாரம் அவருடைய ஸ்டாண்டு மொத்தமும் மாடிப்படி ஏறி வந்தது. “எந்த டீ சார்?” என்று முதலில் அதைத்தான் கேட்டார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சங்கம் கூப்பிட்டால் மனிதர்கள் யோசிப்பார்கள். தங்களோடு டீ குடிக்கிறவன் கூப்பிட்டால் செருப்பைத் தேடுவார்கள். எங்கள் சங்கத்துக்கு முப்பது ஆண்டு அட்டையடுக்கு செய்யாததை ஆதரவாளர்களின் பதிவுகள் செய்தன. இதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடிந்தால் இந்தக் கட்டுரை எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இனி மலர்.

மலர்க்கொடிக்கு இருபத்திரண்டு வயது. மேட்டுப்பாளையத்தில் சோப்பு பெட்டியில் அடைக்கும் வேலை. அப்பா ஆறுமுகம் மீனவர். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் வீடு. அம்மா சிறுவயதிலேயே போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மலருக்கு எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திக்கொள்ளும் நோய். திரும்பத் திரும்ப இரத்தம் ஏற்ற வேண்டும். வகை ஏ நெகட்டிவ். எங்கள் அடுக்கில் மிக ஒல்லியான கட்டு அதுதான். அதிலும் பாதிப்பேர் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர்கள்; மறுபடி கொடுக்க முடியாது.

அவள் நடக்க முடிந்த நாட்களில் கோரிக்கைச் சீட்டை அவளே மாடிக்குக் கொண்டு வருவாள். நான் பதிவேட்டை எடுத்ததும், “சார், இந்த நோட்டுல டாக்டரு கையெழுத்து இருக்குது, உங்க கையெழுத்து இருக்குது, அப்பா கையெழுத்து இருக்குது. ரத்தம் ஏத்திக்கிறவ கையெழுத்து வேணாமா?” என்பாள். அதற்குக் கட்டம் இல்லை என்பேன். “ஒரு கட்டம் போடுங்க சார், நோட்டு இன்னா குறைஞ்சா பூடும்?” என்று சிரிப்பாள். கொடுத்தவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது; அவள் எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டு எல்லோருக்கும் நன்றி சொல்லி, அவர்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைப்பாள். ‘ரத்தம் ஆட்டோ அண்ணன்.’ ‘ரத்தம் கண்ணாடி அக்கா.’ ‘ரத்தம் கடலூர் மாமா.’

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை ஆறுமுகம் நனைந்த சட்டையோடு வந்து சீட்டை நீட்டினார். மாலைக்குள் இரண்டு யூனிட். கேபிளில் தண்ணீர் இறங்கி அலுவலகத் தொலைபேசி செத்துக் கிடந்தது. அலுவலகக் கைப்பேசி தவளக்குப்பம் முகாமுக்குப் போன ரேவதியிடம். என் சொந்தக் கைப்பேசியில் அட்டையிலிருந்த ஒவ்வொருவராக அழைத்து முடித்தேன். ஒருவர் சென்னையில், ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர் எடுக்கவில்லை. மின்னேற்றம் தீர்ந்துகொண்டிருந்தது.

அப்போது எங்கள் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. நிர்மலா என்ற ஆதரவாளர். காரைக்கால் வீதியில் பிறந்து பிரான்சில் குடியேறியவர், ஆண்டுக்கு ஒருமுறை வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர். ‘மழைச் செய்தி பார்த்தேன். ஏதாவது தேவை இருந்தால் சொல்லுங்கள், என் பக்கத்தில் போடுகிறேன். புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் பார்ப்பார்கள்.’

நான் எழுதி அனுப்பியது இது: ‘இன்று மாலைக்குள் ஏ நெகட்டிவ் இரத்தம் தேவை. கோரிமேடு. நோயாளி மலர், 22. தொடர்புக்கு: தந்தை ஆறுமுகம்.’ கீழே எண். அது மலரின் கைப்பேசி எண். அவள் படுக்கையில் இருந்ததால் அப்பா வைத்திருந்தார். மலர் நீல நிறத் துப்பட்டாவில் சிரிக்கும் படம் ஒன்றும் அதிலேயே இருந்தது. அனுப்பட்டுமா என்று கேட்டேன், ஆறுமுகம் தலையாட்டினார்.

விதியை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் மன்னிப்பு உண்டு. அது கரும்பலகைக்கான விதி, இது வேறு என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு நொடிதான் ஆனது.

பதிவு போய்ச் சேர்ந்த வேகத்தை இன்றும் என்னால் விளக்க முடியவில்லை. இரண்டு மணிக்குள் மாடிப்படி முழுக்க ஈரக்குடைகள். கடலூரிலிருந்து மழைக்கோட்டில் கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், சட்டையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். வயது வரம்பைச் சொன்னேன்.

“முசியே, என் ரத்தம் பழசுதான். ஆனா கலப்படம் இல்ல. கொஞ்சம் வைன் இருக்கும், அவ்ளோதான்.”

“உங்க வகை என்ன ஐயா?”

“ஓ பாசிட்டிவ்.”

“தேவை ஏ நெகட்டிவ்.”

“அது எனக்குத் தெரியாதா? பொண்ணு மொகத்த பாத்தேன், வந்துட்டேன்” என்றவர், மாலை வரை வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போகிற கொடையாளர்களுக்குக் குடை பிடித்தார்.

அன்று மலர் பிழைத்தாள். அந்தப் பதிவால் எங்கள் ஒல்லியான கட்டு தடித்தது. அதன்பின் ஏ நெகட்டிவுக்காக நாங்கள் திண்டாடிய நாள் குறைவு. பயிற்சியில் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உற்சாகமாக இருக்கும்.

மலர் மார்கழி முடிவதற்குள் இறந்தாள். இரத்தம் கிடைக்காமல் அல்ல. இரத்தம் எல்லாம் கிடைத்தது, கிருமித்தொற்று வந்தது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘தேவை முடிந்தது’ என்று எழுதி, நாங்கள் அழைத்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரிவித்தேன். பதிவைப் பார்த்துத் தாமாக வந்தவர்களுக்கும், இனி பார்க்கப் போகிறவர்களுக்கும் எப்படித் தெரிவிப்பது? எங்கள் பதிவேட்டில் அதற்கும் கட்டம் இல்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஆறுமுகம் மாடிக்கு வந்தார். உட்காரவில்லை. கைப்பேசியை என் மேசைமேல் வைத்தார்.

“சார், இத நீங்களே வச்சிக்குங்க.”

“உக்காருங்க ஆறுமுகம். என்ன ஆச்சு?”

“காலையிலேர்ந்து ஏழு பேரு சார். மதுரையிலேர்ந்து ஒருத்தரு, நான் ஏ நெகட்டிவ்தான், பஸ் ஏறிட்டேன், எங்க எறங்கணும்ன்றாரு. எறங்கி வூட்டுக்குப் போங்கய்யா, எம் பொண்ணு பூட்டுதுன்னேன். அவரு அழுவுறாரு. நான் அவருக்கு ஆறுதல் சொல்றேன். எழவு வூட்டுக்காரன் நானு, ஊர்ல இருக்கிறவங்களுக்குல்லாம் ஆறுதல் சொல்லிக்கினு இருக்கேன்.”

பதிவின் வாசகத்தில் தேதி இல்லை. யார் எப்போது பார்த்தாலும் அது இன்று. ஒருவர் பார்த்துப் பதறித் தன் பக்கத்தில் பகிர்கிறார். அவர் நண்பர்களுக்கு அது அன்றைய இன்று.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் கைப்பேசி அடித்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நான் எடுத்தேன். யாரோ ஒரு கல்லூரிப் பெண். எங்கள் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன்: “தேவை முடிந்துவிட்டதும்மா. நீங்க முன்வந்ததுக்கு ரொம்ப நன்றி. இன்னொருத்தருக்குத் தேவைப்படலாம், இந்த அலுவலக எண்ல உங்க பேரைப் பதிஞ்சிக்கோங்க.” அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஆறுமுகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்டி சொல்லணுமா?”

“இப்படிச் சொன்னா போதும். இல்லன்னா நம்பரை மாத்திடலாம். அதான் நல்லது.”

அவர் கைப்பேசியை எடுத்து என்னிடம் காட்டினார். ரத்தம் ஆட்டோ அண்ணன். ரத்தம் கண்ணாடி அக்கா. விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் அவள் தட்டியது.

“இது மலரு நம்பரு சார்” என்று மட்டும் சொல்லி, கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றே கோப்பு திறந்தேன். பதிவை நீக்கக் கோரி நிர்மலாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அந்தத் தளத்துக்கே புகார் படிவம் நிரப்பலாம் என்று ரேவதி சொன்னார். படிவத்தில் ஆபாசம், வன்முறை, மோசடி என்று கட்டங்கள் இருந்தன. இறந்துபோனவள் என்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே நிர்மலாவுக்கே நினைவூட்டல் அனுப்பினேன். மாதந்தோறும் முதல் வேலை நாளில் ஒன்று. திறந்த கோப்பைப் பதில் வரும்வரை விடக்கூடாது என்பது மதாம் வைத்த பழக்கம்.

பதிவின் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். மதாம் அப்போது படுக்கையோடு இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மலரின் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலைமாட்டில் பென்சிலைத் தேடினார். ‘இன்று’ என்ற சொல்லுக்கு நேரே ஒரு புள்ளி வைத்து என்னிடம் திருப்பித் தந்தார். அந்தக் கோடையில் அவர் போய்விட்டார். அந்தத் தாள் கோப்பின் முதல் பக்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு ஒன்றைக் கவனித்தேன். புதிய கொடையாளர் படிவத்தில் ‘யார் மூலம் அறிந்தீர்கள்’ என்ற கேள்விக்கு ‘மலர் அப்பா’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் அல்ல, மாதத்துக்கு நாலைந்து பேர். திண்டிவனம், சிதம்பரம், ஒருவர் கோவை. ஆறுமுகத்தைப் பார்க்க ஒரு காலையில் தவளக்குப்பம் போனேன். மீனை விற்றுவிட்டு, கடலூர் சாலைச் சந்திப்பு டீக்கடையில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். அது வருவதற்குள் கைப்பேசி அடித்தது.

“ஆமாம்மா, மலரு அப்பாதான் பேசறேன். தேவ முடிஞ்சிடிச்சிம்மா, ரொம்ப நன்றி. இன்னோர்த்தருக்கு வேண்டி இருக்கும், ஒரு நம்பரு சொல்றேன், எழுதிக்கிறியா?” என் அலுவலக எண்ணைத் தடுமாறாமல் சொன்னார். பிறகு எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். “மலரா? நல்லா இருக்குதும்மா. வேலைக்கிப் போயிருக்குது. சாயங்காலம் வந்துடும். சொல்றேம்மா, நீ கேட்டன்னு சொல்றேன்.”

கைப்பேசியைத் துடைத்துப் பையில் போட்டார். டீ வந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை.

“தப்பா சார்?” என்றார்.

“எதுக்கு இப்படிச் சொல்றீங்க?”

“செத்துப் பூட்டுதுன்னா மனசு ஒடஞ்சி போன வச்சிட்றாங்க. நம்பரு எழுதிக்கிறதில்ல. நல்லா இருக்குதுன்னா சந்தோசமா எழுதிக்கிறாங்க.” கூடையைக் காலருகே நகர்த்தினார். “அது மட்டும் இல்ல சார். எங்க தெருவுல இப்ப யாரும் மலரு பேர எடுக்கறதில்ல. எடுத்தா நான் அழுவேன்னு பயம் அவங்களுக்கு. தெனம் ரெண்டு பேராவது போன்ல கேக்கறாங்க, மலரு எப்டி இருக்குதுன்னு. நானும் சொல்றேன். சொல்லச்சொல்ல வேலைக்கித்தான் போயிருக்குதுன்னு எனக்கே தோணுது.”

“ஆறுமுகம்…”

“நீங்க அத்த எடுக்கச் சொல்லி எழுதனீங்கன்னு ரேவதிம்மா சொன்னாங்க. அப்ப நாந்தான் கோவமா வந்தேன். இப்ப வேணாம் சார். எடுத்துடாதீங்க.”

“சரி” என்றேன். “எடுக்க மாட்டோம்.”

அன்றே நான் செய்திருக்க வேண்டியது ஒரு வரி: ‘எமது முந்தைய கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறோம்.’ செய்யவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பதில் சொல்லாதவர் இனி எங்கே சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. கோரிக்கை அனுப்பும் மாதிரிக் கடிதம் என்னிடம் இருந்தது. திரும்பப் பெறும் மாதிரி இல்லை. ஒரு புதிய கடிதத்தைத் தொடங்குவதைவிடப் பழைய நினைவூட்டலை அனுப்புவது கைக்குப் பழக்கமாக இருந்தது. ‘இந்த மாதம் நிறுத்திவிடலாம்’ என்று நினைத்த மாதங்களிலும் முதல் வேலை நாளில் அது போனது.

நான் கடந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். நாற்பது இனங்கள் கொண்ட ஒப்படைப்புப் பட்டியலை ரேவதிக்கு அடித்துக் கொடுத்தேன். படியெடுத்து மற்றச் சங்கங்கள்கூட வைத்துக்கொண்டன; அவ்வளவு ஒழுங்கான பட்டியல். பதினேழாவது இனம்: ‘நிர்மலா, பதிவு நீக்கம். மாதந்தோறும் முதல் வேலை நாளில் நினைவூட்டல்.’ ரேவதி என்னிடம் பயின்றவர். ஒரு மாதமும் தவறவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் காலை ஆறுமுகம் என் வீட்டு எண்ணுக்கு அழைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியிலிருந்து.

“சார், நாலு நாளா ஒரு போனும் வர்ல. கெட்டுப் பூட்டுதா, கம்பெனிக்காரன் கட் பண்ட்டானான்னு தெரியில. மலரு நம்பருக்கு நீங்க ஒருவாட்டி அடிங்களேன், பாப்போம்.”

அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். “ஆமா, மலரு அப்பாதான்” என்று வழக்கமான குரலில் தொடங்கி, “ஓ, நீங்களா” என்றார். பிறகு, “வருது சார். நல்லாத்தான் வருது” என்றார். கெட்டுப்போயிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

நான் மாடிக்குப் போனேன். ரேவதி என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் மகிழ்ச்சி.

“சார், உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். பதினேழாவது இனம் முடிஞ்சிடுச்சு!”

அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். நிர்மலாவின் பதில். கணவர் நோயில் விழுந்தபின் அந்தக் கணக்கையே திறக்கவில்லையாம், கடவுச்சொல்லும் மறந்துபோனதாம். இப்போது மகன் மீட்டுக் கொடுத்தபோது எங்கள் நினைவூட்டல்கள் வரிசையாக நின்றனவாம். ‘இத்தனை மாதங்கள் அந்தத் தந்தையை வருத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை. இந்த நிமிடமே பதிவை நீக்கிவிட்டேன். பகிர்ந்தவர்கள் பக்கத்திலிருந்தும் அது போய்விடும். அவருக்கு இனியாவது அமைதி கிடைக்கட்டும்.’ நல்ல மனுஷி. நல்ல கடிதம். எங்கும் புள்ளி வைக்க முடியாது.

“என்ன சார், நல்ல சேதிதானே?” என்றார் ரேவதி.

நான் அங்கிருந்தே ஆறுமுகத்தை அழைத்துச் சொன்னேன்.

“யாரு சார் எடுக்கச் சொன்னது?”

“நான்தான். எழுதினதை நிறுத்தாம விட்டுட்டேன்.”

எதிர்முனையில் தவளக்குப்பம் சந்திப்பின் பேருந்து ஒலி கேட்டது. ஒரு பேருந்து போய் இன்னொன்று வந்தது.

“படமும் பூட்டுதா சார்? அந்த நீல துப்பட்டா?”

“போயிடுச்சு.”

“சரி சார்” என்றார். “வேகாத வெய்யிலா இருக்குது. பாத்து வூட்டுக்குப் போங்க.”

பயிற்சிக்கு வருகிறவர்களே, ஆதரவாளர்களைப் பதிவிடச் சொல்லுங்கள். தேதி போடச் சொல்லுங்கள். குடும்பத்தார் எண்ணைக் கொடுக்காதீர்கள். நீக்குவதற்கு முன், நீக்கினால் யாருக்கு என்ன போகும் என்று ஒருமுறை கேளுங்கள். கடைசியாகச் சொன்னது விதிகளில் இல்லை. சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது.

அன்று நான் பேசி முடித்ததும் ரேவதி கோப்பை என் பக்கம் நகர்த்தினார். திறந்தது நான் என்பதால் முடிப்பதும் என் கையெழுத்தில் இருக்கட்டும் என்றார். மதாம் புள்ளி வைத்த தாள் மேலே இருந்தது; கடிதம் அடியில் இருந்தது. பதில் பெறப்பட்ட நாள் என்ற கட்டத்தில், விதி பதினொன்றின்படி எண்ணால் எழுதினேன்: 18-9-2025.